மாதனூர் மணலும் சதுரங்கப்பட்டினக் கடலும்

எங்கள் ஊர் மாதனூர், கடலிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். தெற்கே ஜவ்வாது மலையின் குன்றுகள், வடக்கே பாலாறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ளி, அதையும் தாண்டினால் குடியாத்தம். இங்கே உட்கார்ந்துகொண்டு கடற்கரையின் வரலாற்றை எழுதுகிறேன் என்றால் கேட்பவர்கள் வியப்பார்கள். அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தியே காலம் கழித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: சதுரங்கப்பட்டினத்திலும் மாமல்லபுரத்திலும் அலையில் புரளும் மணலில் ஒரு பங்கு எங்கள் ஆற்றில் கிடந்து போனது. அது போன வழியை நாம் ஒன்றரை நூற்றாண்டில் எப்படி அடைத்தோம் என்பதைச் சொல்லாமல் இந்த வட்டாரத்தின் வரலாற்றைச் சொல்ல முடியாது. தோல், ரயில், துறைமுகம், சென்னையின் அடுக்குமாடிகள் எல்லாமே அதற்குள் வந்துவிடுகின்றன.

மணலுக்குள் ஓடிய ஆறு

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222, ஆக மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் வங்கக் கடலில் சேர்கிறது. வழியில் மலட்டாறு, பொன்னையாறு, செய்யாறு என்று துணையாறுகள் வந்து விழுகின்றன. இந்த ஆறுகள் எல்லாம் பிறக்கும் மலைகள் மிகப் பழைய பாறைகளால் ஆனவை. கருங்கல்லும் அதைச் சேர்ந்த பாறைகளும் வெயிலிலும் மழையிலும் பட்டுப் பட்டு உதிர்கின்றன. அந்தக் கல்லில் இருக்கும் பிற கனிமங்கள் நாளடைவில் களிமண்ணாகக் கரைந்துபோகும். குவார்ட்சு எனப்படும் படிகக்கல் மட்டும் எளிதில் தேயாது, கரையாது. அதுதான் மணல். மாதனூரில் அள்ளிப் பார்த்தால் பருபருவென்று முனை மழுங்காமல் இருக்கும். செங்கல்பட்டுப் பக்கம் அதே மணல் இன்னும் பொடியாகும். கடற்கரைக்குப் போனபின் அலையில் உருண்டு வழவழப்பாகிவிடும். நடுநடுவே கருங்கோடு போட்டது போலத் தெரிவது இரும்புச் சத்துள்ள கனமான மணல். ஆற்றிலும் அதைப் பார்க்கலாம், கடற்கரையிலும் பார்க்கலாம். மாணவர்களிடம் ஒரு காந்தத்தைக் கொடுத்து ஆற்றுக்குள் அனுப்பினால் அந்தக் கருமணலைத் திரட்டிக்கொண்டு வருவார்கள். மலைக்கும் கடலுக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாக நடத்த எனக்கு வேறு பாடம் கிடைத்ததில்லை.

ஆண்டின் பெரும்பகுதி பாலாற்றில் தண்ணீர் தெரியாது. என் பாட்டி காலத்திலும் அப்படித்தான். அதனால் வெளியூர்க்காரர்கள் இதை வறண்ட ஆறு என்று எழுதிவிடுகிறார்கள். ஆறு மணலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்பதே உண்மை. பாட்டி குடத்தையும் ஒரு சொம்பையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார். மணலைக் கையால் தோண்டுவார், முழங்கை ஆழத்துக்குள் ஊற்று சுரக்கும். கலங்கலை இறைத்து ஊற்றிவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால் கண்ணாடி போல் தண்ணீர் நிற்கும். வெயில் காலத்தில் ஆற்று மணலில் வெள்ளரியும் தர்பூசணியும் போட்டார்கள். வயலுக்கு நீர் வேண்டுமென்றால் ஊற்றுக்கால்வாய் வெட்டினார்கள். ஆற்று மணலில் சரிவாக நீளக் கால்வாய் தோண்டி, மணலுக்குள் கசிகிற நீரைத் திரட்டிக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த வேலை. ஒவ்வொரு வெள்ளமும் அதைத் தூர்த்துவிட்டுப் போகும். ஒவ்வோர் ஆண்டும் ஊர் கூடி மறுபடி வெட்டும். பாலாற்றங்கரை உழவு பல நூற்றாண்டுகள் இந்த ஊற்றுக்கால்வாய்களையும் ஏரிகளையும் நம்பியே நடந்தது.

மணலுக்கு அப்போது இரண்டு வேலைகள் இருந்தன. இருக்கும்வரை நீரைச் சேமித்து வைப்பது ஒன்று. வெள்ளம் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கடலை நோக்கி நகர்வது மற்றொன்று. இரண்டாவது வேலையை ஊரில் யாரும் கவனித்ததில்லை. கவனிக்கவும் முடியாது. ஒரு வெள்ளத்தில் சில கிலோமீட்டர் உருண்டு போகும், அப்புறம் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும். அடுத்த பெருவெள்ளம் வந்துதான் மறுபடி கிளப்ப வேண்டும். ஒரு மணல் துகள் மாதனூரைக் கடந்து கடலைத் தொடுவதற்குள் இங்கே பல தலைமுறைகள் பிறந்து மடிந்திருக்கும்.

கடல் வாங்கிக்கொள்ளும் விதம்

பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலாவாக மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போகும் போதெல்லாம் வண்டியைச் சதுரங்கப்பட்டினம் வரைக்கும் விடச் சொல்வேன். அங்கே ஒரு மீனவப் பெரியவர் ஆற்று முகத்துவாரத்தைப் பற்றிச் சொன்னது என் பாடப் புத்தகத்தில் இல்லாதது. “ஆத்து வெள்ளம் வந்து வாயைத் தொறந்தாத்தான் டீச்சரம்மா எறா உள்ள ஏறும். வெள்ளம் வராத வருசம் கடலு மணலைத் தள்ளி வாயை அடைச்சிடும்” என்றார்.

முகத்துவாரத்தில் நடப்பது இதுதான். மழைக்காலத்தில் ஆறு முழு வேகத்தோடு வந்து மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாய்கிறது. அங்கே வேகம் அடங்குகிறது, சுமந்து வந்த மணல் கடலடியில் விசிறி போல் பரவுகிறது. வெள்ளம் வடிந்த மாதங்களில் அலைகள் அந்த மணலை மெல்ல மெல்லக் கரைக்குத் தள்ளி முகத்துவாரத்துக்குக் குறுக்கே திட்டுப் போடுகின்றன. அடுத்த வெள்ளம் வரும்வரை ஆறும் கடலும் பிரிந்தே இருக்கும்.

கரைக்கு வந்த மணலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அலை நேராக வந்து கரையில் மோதுவது அரிது. சற்றுச் சாய்வாக வருகிறது. வரும்போது மணலைச் சாய்வாக மேலே ஏற்றுகிறது, திரும்பும்போது சரிவைப் பார்த்து நேராக இறங்குகிறது. ஒவ்வோர் அலையிலும் துகள் கரையோரமாக ஓர் அடி நகர்ந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் கிழக்குக் கரையில் இந்த ஓட்டம் வடக்கு நோக்கி இருக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் திசை மாறித் தெற்கே போகும். சென்னைப் பக்கத்து மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். அதனால் வயலூரில் பாலாறு இறக்கிய மணல் கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், கோவளம் என்று கரையோரமாகவே வடக்கு நோக்கிப் பயணப்படுகிறது.

கடற்கரையை நம் வீட்டு நெற்குதிர் போல நினைத்துக்கொள்ளலாம். மேலே கொட்டுவது ஆறு, கீழே எடுப்பது அலை. ஐப்பசி, கார்த்திகைப் புயல்களில் கடல் கரையை வெட்டி எடுக்கும். எடுத்த மணலைக் கரைக்கு அப்பால் நீருக்கடியில் வரப்பாகப் போட்டு வைக்கும். பெரிய அலைகள் அந்த வரப்பில் உடைந்து கரைக்கு வருமுன்பே வலுவிழக்கும். தை, மாசியில் அலைகள் தணிந்ததும் அதே மணல் திரும்பி வந்து கரை அகலமாகும். கரைக்குப் பின்னால் இருக்கும் மணல்மேடுகள், குதிர் காலியாகும் காலத்துக்கு என்று ஒதுக்கி வைத்த கையிருப்பு. வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்வரை கரை முன்னும் பின்னும் போய்வந்தாலும் நிலைகுலைவதில்லை. வரவு நின்றுபோனால் செலவு நிற்பதில்லை. கடல் எடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

முகத்துவாரத்தின் பழைய கதைகள்

ஆறு கொண்டுவந்த மணலின் மேல்தான் மனிதர்கள் கடலோரத்தில் குடியேறினார்கள். வயலூருக்கு அருகே வசவசமுத்திரம் என்ற சிற்றூர் இருக்கிறது. 1970ஐ ஒட்டித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. செங்கல்லால் கட்டிய தொட்டிகளும், சுடுமண் உறைகளை அடுக்கிய உறைகிணறும், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது ஏற்றிவந்த கூர்முனைச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டுகளில் பாலாற்றின் வாயில் ஒரு வணிகத் துறை இருந்திருக்கிறது. கடலோர மணலில் உறை இறக்கி நல்ல தண்ணீர் எடுத்திருக்கிறார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். உள்நாட்டிலிருந்து மணலுக்குள் வந்த நன்னீர் கடலோரம்வரை உப்பைத் தள்ளி வைத்திருந்தது என்பதற்கு அந்தக் கிணறு சான்று.

அதே வயலூரில் பல்லவ மன்னன் ராஜசிம்மனின் தூண் கல்வெட்டு நிற்கிறது. தன் முன்னோர் பெயர்களையெல்லாம் வரிசையாகப் பொறித்து வைத்திருக்கிறான். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலை எழுப்பியவனும் அவனே. அந்தக் கோயில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் அலைக்கு முன்னால் நின்றது. நம் காலத்தில் அதைச் சுற்றிப் பாறைகளைக் கொட்டி அரண் போட வேண்டியதாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்தில் துணி வாங்க வந்து கோட்டை கட்டினார்கள். துறைமுகம் என்று எதுவும் கட்டவில்லை. கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்கும், மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிச் சரக்கை ஏற்றி இறக்கும். மணல் கரையோரமாகத் தடையின்றி நடந்துகொண்டிருந்தது.

ஆறும் ஓரிடத்தில் நின்றதில்லை. ஒரு காலத்தில் பாலாறு காவேரிப்பாக்கம் பக்கமாக வடகிழக்கே திரும்பி, இன்று கொசஸ்தலை ஆறு ஓடும் வழியாகச் சென்னைக்கு வடக்கே கடலில் கலந்தது என்று நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். கொசஸ்தலைக்குப் பழைய பாலாறு என்ற பெயரே உண்டு. ஆறு தடம் மாறினால் கடற்கரைக்கு மணல் வரும் இடமும் மாறும். இயற்கை இதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் செய்தது. நமக்கு நூற்றைம்பது ஆண்டுகள் போதுமானதாக இருந்தன.

தோல், ரயில், துறைமுகம்

1856இல் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் பாதை பாலாற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்கு நீண்டது. அந்தத் தண்டவாளம்தான் எங்கள் பகுதியைத் தோல் நாடாக்கியது. தோல் பதனிட நான்கு பொருள்கள் வேண்டும்: தோல், சுண்ணாம்பு, பட்டை, ஏராளமான தண்ணீர். காட்டு மேடுகளில் ஆவாரம் செடி தானாக வளர்ந்தது. ஜவ்வாது மலையிலிருந்து கடுக்காய் இறங்கியது. பாலாற்று மணலுக்குள் உப்பில்லாத மெல்லிய தண்ணீர் இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முஸ்லிம் வணிகர்கள் இந்தத் தொழிலை ஊன்றி வளர்த்தார்கள். பட்டையில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் ஏலச் சந்தைக்குப் போனது. ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் உலகம் அதை அறிந்தது.

என் அப்பா ஆம்பூரில் ஒரு தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். முடி கழன்று வருவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறும் தோலைக் கோலால் புரட்டுவது, பிறகு வளைந்த கத்தியால் சவ்வு எடுப்பது, பட்டைத் தொட்டியில் அடுக்கி வாரக்கணக்கில் மாற்றி மாற்றிப் போடுவது என்று அந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் சொல்வார். அவருடைய கைரேகைகளைச் சுண்ணாம்பு அரித்திருந்தது. எங்களைப் படிக்க வைத்தது அந்தக் கை. ஆகையால் இந்தத் தொழிலை வெளியாள் போல நின்று பழிக்க என்னால் முடியாது. அது ஆற்றுக்கும் கடலுக்கும் செய்ததை மறைக்கவும் முடியாது.

தோல் கட்டுகளை ஏற்றிய அந்தத் துறைமுகத்தின் கதையையும் இங்கேயே சொல்ல வேண்டும். சென்னையில் கப்பல் அணைய இடமில்லாமல் இருந்தது. 1876இல் கடலுக்குள் இரண்டு கற்சுவர்களை நீட்டிக் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அவற்றைச் சிதைத்தது. மறுபடி கட்டி 1896இல் முடித்தார்கள். தெற்கிலிருந்து கரையோரமாக வந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றது. சென்னைக் கோட்டைக்கு வெகு அருகில் அலையடித்த இடத்தில் மணல்வெளி விரிந்தது. இன்றைய மெரினாவின் அகலம் அப்படி வந்தது. சுவருக்கு வடக்கே நிலைமை தலைகீழ். மணல் வரத்து நின்றதும் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் தின்னத் தொடங்கியது. குப்பங்கள் இடம்பெயர்ந்தன, சாலைகள் சரிந்தன, கடைசியில் கரை நெடுகக் கருங்கற்களைக் கொட்டினார்கள். கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயிலும் மணல் சேர்ந்து தொல்லை கொடுத்ததால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை அடைத்து வடகிழக்கே திருப்பினார். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர் கட்டியபோதும் இதே கதை நடந்தது. நகரத்தின் மணற்கரையே காணாமல் போயிற்று.

எங்கள் பள்ளத்தாக்கு தோலை அனுப்பியதும் அந்தத் துறைமுகத்துக்குத்தான். எங்கள் ஆறு அனுப்பிய மணல் முட்டிக்கொண்டு நின்றதும் அதன் சுவரில்தான். இரண்டையும் ஒரே வரலாறாகச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் வகுப்பில் வற்புறுத்தியதற்குக் காரணம் இதுவே.

உப்பு ஏறிய கதை

மணல் கடலை நோக்கி இறங்கிய அதே பள்ளத்தாக்கில், உப்பு எதிர்த்திசையில் ஏறியது. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அழுகாமல் வந்து சேர உப்புத் தடவித்தான் அனுப்புவார்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உப்பு. உப்பளங்களில் கடல்நீரை வெயிலில் வற்றவைத்து எடுத்த உப்பு, இந்தியா முழுவதிலுமிருந்து வந்த தோலோடு எங்கள் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. முதல் வேலையாகத் தோலை ஊறப்போட்டு அந்த உப்பை அலசுவார்கள். ஊறல் தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் ஏறத்தாழக் கடல்நீர் அளவுக்குக் கரிக்கும். அது வாய்க்கால் வழியே ஆற்று மணலுக்குள் இறங்கியது.

பட்டை காலத்தில் தொழிலின் அளவு சிறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியம் கொண்டு பதனிடும் முறையைச் சோதித்துப் பார்த்தார். ஆனால் அது எங்கள் பகுதியில் பெருகியது 1970களில். அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுதும் முடித்த தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று 1972இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தது. அரசும் ஏற்றுக்கொண்டது. வேலைவாய்ப்பு பெருகியது. ஆம்பூர் ஷூ உலகச் சந்தைக்குப் போனது. எங்கள் ஊர்ப் பெண்கள் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறினார்கள். கூடவே, வாரக்கணக்கில் ஆன வேலையை டிரம்மில் குரோமியம் போட்டு ஒரு நாளில் முடிக்க முடிந்தது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீரும் அதே வேகத்தில் பெருகியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியளவிலோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது எங்கள் ஆற்றின் வழக்கில்தான். தீர்ப்பையொட்டி அமைந்த ஆணையம் 2001இல் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு முழுமையாகச் சேர வேண்டும் என்று மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது.

ஆற்றின் மேல்பாதியில் உப்பு இப்படி ஏற, கடைசி முனையில் கடலே உள்ளே நுழைந்தது. மேலிருந்து நன்னீர் வராததால் வயலூர்ப் பக்கத்துக் கிணறுகளில் கடல்நீர் கலக்கத் தொடங்கியது. அதைத் தடுக்க 2019இல் முகத்துவாரத்துக்கு அருகே தடுப்பணை கட்டினார்கள். வசவசமுத்திரத்தார் உறை இறக்கி நல்ல தண்ணீர் குடித்த அதே இடத்தில் கடலுக்கு எதிராக இன்று கான்கிரீட் தேவைப்படுகிறது.

யூனிட் கணக்கு

உப்புக்குப் பிறகு லாரி வந்தது. முதலில் மாட்டு வண்டியில் ஊர் வீடுகளுக்கு மணல் போனது. ஆறு அதைப் பொருட்படுத்தவில்லை, அடுத்த வெள்ளம் நிரப்பிவிடும். 1990களில் சென்னையும் பெங்களூருவும் மேலே மேலே எழும்பத் தொடங்கியபோது பொக்லைன் ஆற்றுக்குள் இறங்கியது. நூறு கன அடி ஒரு யூனிட். கட்டு வேலைக்குப் பருமணல், பூச்சு வேலைக்குச் சலித்த பொடி மணல் என்று தரம் பிரித்து விலை பேசினார்கள். 2003 அக்டோபரில் மணல் குவாரிகளை அரசே நேரடியாக எடுத்து நடத்தத் தொடங்கியது. சட்டப்படியும் சட்டத்துக்கு வெளியிலும் மணல் போய்க்கொண்டே இருந்தது. பாட்டி ஊற்றுத் தோண்டிய இடங்களில் களிமண் படுகையும் பாறையும் வெளியே தெரிந்தன. ஆள் உயரப் பள்ளங்களில் சீமைக்கருவேலம் முளைத்தது. கரையோரக் கிணறுகளில் மோட்டாரை இறக்கி இறக்கி, முடிவில் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள்.

ஆற்றில் பறித்த பள்ளம் வெறும் பள்ளமாக இருந்துவிடுவதில்லை. அடுத்த வெள்ளத்தில் மேலிருந்து உருண்டு வரும் மணல் முதலில் அதில்தான் விழுகிறது. பள்ளம் நிரம்பிய பிறகே கீழே நகரும். அதற்குள் மறுபடி தோண்டிவிடுகிறோம். தடுப்பணைகளும் அப்படித்தான். தண்ணீர் மேலாக வழிந்து போகும், அடியில் உருளும் மணல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடும். கர்நாடகத்தின் பேத்தமங்கலம் ஏரி முதல் ஆந்திர எல்லையில் உயர்த்திய புல்லூர் தடுப்பணை வரை, நம் பக்கத்தில் நாமே கட்டிய அணைக்கட்டுகள் வரை, ஒவ்வொன்றும் மணலிடம் சுங்கம் வாங்குகிறது. 1892இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட உடன்படிக்கையில் பாலாறும் இருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை எல்லா வழக்கும் பேச்சும் தண்ணீரைப் பற்றித்தான். மணலை ஆற்றின் உடைமையாக எந்த உடன்படிக்கையும் கருதவில்லை.

தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கடற்கரை மாற்றத்தை ஆய்வு செய்தது. அதன் கணக்கில் தமிழ்நாட்டின் 991 கிலோமீட்டர் கரையில் ஏறத்தாழ 43 விழுக்காடு அரிப்புக்கு ஆளாகியிருக்கிறது. துறைமுகங்கள், தூண்டில் வளைவுகள், புயல்கள், உயரும் கடல்மட்டம் என்று காரணங்கள் பல. ஆனால் குதிரில் கொட்டும் கை நின்றுபோனதை இவற்றோடு சேர்த்து எண்ணாத எந்தக் கணக்கும் முழுக் கணக்காகாது. காவிரி, பெண்ணை, பாலாறு என்று நம் ஆறுகள் அத்தனையும் அணையாலும் லாரியாலும் மணல் இழந்தவை.

வெள்ளம் காட்டிக்கொடுத்தது

1903 நவம்பரில் பேத்தமங்கலம் ஏரி உடைந்து பாலாற்றில் பெருவெள்ளம் வந்து வாணியம்பாடியில் பல உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு அத்தனை பெரிய வெள்ளம் 2021 நவம்பரில்தான் வந்தது. மாதனூரையும் உள்ளியையும் இணைத்த தரைப்பாலத்தை அது உடைத்துக்கொண்டு போனது. குடியாத்தம் போக வேண்டியவர்கள் பள்ளிகொண்டா வழியாகச் சுற்றினார்கள். ஊர்ப் பேச்செல்லாம் பாலத்தைப் பற்றியே இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. நான் வெள்ளம் வடிந்தபின் ஆற்றில் இறங்கிப் பார்த்தேன். பாறை தெரிந்த இடங்களில் புது மணல் படிந்திருந்தது. சில மாதங்கள் கிணறுகளில் நீர்மட்டம் ஏறி நின்றது. ஆறு தன் வேலையை மறக்கவில்லை. விட்டால் மணலைக் கொண்டுவரும், நீரைச் சேர்த்து வைக்கும், மிச்சத்தைக் கடலுக்கு அனுப்பும்.

அந்த மணல் அங்கேயே இருக்க விட்டோமா என்பதுதான் கேள்வி. பாறையைப் பொடித்துச் செய்யும் எம்-சாண்ட் வந்துவிட்டது. கட்டடத்துக்கு ஆற்று மணல்தான் வேண்டும் என்ற வாதம் இன்று நிற்காது. தோல் தொழிலிலும் உப்பைத் தட்டி உதிர்த்துத் தனியே எடுப்பது, கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது என்று வழிகள் இருக்கின்றன. அவை ஏட்டில் இருந்தால் போதாது, ஒவ்வொரு தொட்டியிலும் நடக்க வேண்டும்.

சட்டத்தையும் திருத்த வேண்டும். 1991இல் வந்து, 2011இலும் 2019இலும் மாற்றி எழுதிய கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டரைக் கடற்கரை என்கிறது. ஆறுகளில் ஓதம் ஏறும் தொலைவுவரை உள்ளே வருகிறது, அதற்கும் உப்பின் அளவு ஒரு லிட்டருக்கு ஐந்து கிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் ஆற்றில் ஒரு குவாரிக்கு அனுமதி கேட்டால், அது கடற்கரைக்கு என்ன செய்யும் என்று கேட்க எந்தப் படிவத்திலும் இடமில்லை. கேட்க வேண்டும். பாலாற்றில் ஆண்டுக்கு எவ்வளவு மணல் நகர்கிறது என்று மாதனூரிலும் வாலாஜா அணைக்கட்டிலும் வயலூரிலும் நிலையான அளவெடுப்பு நடக்க வேண்டும். மழை அளக்கிறோம், ஏரியின் நீர்மட்டம் அளக்கிறோம், மணலை மட்டும் லாரியில் ஏற்றிய பிறகே அளக்கிறோம். தடுப்பணைகளில் தேங்கும் மணலை விற்பனைக்கு எடுக்காமல் அணைக்குக் கீழே ஆற்றிலேயே போட வேண்டும். கடற்கரையில் கல் கொட்டத் திட்டம் போடும் ஒவ்வொரு கூட்டத்திலும், அந்தக் கரைக்கு மணல் தரும் ஆற்றின் ஊராட்சிகளும் உட்கார வேண்டும். சதுரங்கப்பட்டினத்து மீனவருக்கும் மாதனூர் உழவருக்கும் ஒரே ஆறுதான் படியளக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் அறிந்து ஒன்றாகக் கேட்டால்தான் இந்த ஆறு மீளும், அந்தக் கரையும் நிற்கும்.